நாமக்கரடியின் எடை

இந்தக் கதையை நம்புகிறவர்கள் மலைமேல் இருக்கிறார்கள், நம்பாதவர்கள் கீழே சமவெளியில் இருக்கிறார்கள், நடுவில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, ஆகவே இரண்டு தரப்பும் சண்டை போட்டுக்கொள்ள வழியில்லை என்ற தைரியத்தில் சொல்லத் தொடங்குகிறேன். தேன்பாறை எஸ்டேட்டின் மேல் டிவிஷனில், சோலைக்காடும் தேயிலைக்காடும் முட்டிக்கொள்கிற ஒன்பதாம் நம்பர் காட்டிலிருந்து, ஓர் ஆனி மாத வியாழக்கிழமை, பவுனுத்தாய் கொழுந்துப் பையைத் தலையில் சுமந்துகொண்டு எடைக்கொட்டகைக்கு வந்தாள். வரும்போதே அவள் கழுத்து நடுங்கியது, முழங்கால் மடங்கியது, பின்னால் வந்த பெண்கள், "என்னடி, இன்னைக்குச் செடியவே வேரோட பிடுங்கிட்டு வந்துட்டியா?" என்று கேலி பேசினார்கள். பையைத் தராசுக் கொக்கியில் மாட்டினாள். தராசின் வட்ட முகத்தில் முள் ஓடியது, ஓடியது, நாற்பத்தொன்றில் போய் நின்றது.

பவுனுத்தாய் ஜென்மத்தில் ஒரு எடைக்குப் பதினெட்டு கிலோவுக்கு மேல் எடுத்தவளில்லை. "கல்லை அள்ளிப் போட்டியா தாயி?" என்று கேட்டுக்கொண்டே எடைக்கார ஐயாக்கண்ணு பையை இறக்கி அவிழ்த்தார். கொழுந்துக்கு நடுவில் பூனை அளவில் ஒரு பிராணி உட்கார்ந்திருந்தது. கரடிக்கு உள்ள மாதிரி நகம், நீட்டிய மூக்கு, புகை நிறத்தில் ரோமம், நெற்றியில் தொடங்கி முதுகு வழியாக வால்வரைக்கும் ஒரே கோடாக வெள்ளைப் பட்டை. அது எல்லாரையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டது. மண்ணில் வளை தோண்டி வாழ்கிற வளைக்கரடி என்று ஒன்று உண்டு என்பது அவர்களுக்குத் தெரியும். இத்தனை சின்னதாக, நெற்றியில் இத்தனை பெரிய நாமத்தோடு யாரும் பார்த்ததில்லை. மத்தியானத்துக்குள் அதற்கு நாமக்கரடி என்று பேர் விழுந்துவிட்டது. "அது ஒண்ணும் நாமம் இல்ல, சிலுவையோட நெடுக்குக் கட்டை" என்று ஸ்டெல்லா மேரி மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஐயாக்கண்ணு அதைக் காட்டுப் பக்கம் விட்டுவிடலாம் என்று தூக்கினார். பெண்சாதி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது, தொணதொணப்பு இல்லை, நிம்மதியாக இருக்கிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர். தூக்கியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மடியில் ஏறிய பிராணியைத் தள்ளவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் தாரையாக வழிந்தது. "என்னய்யா இது, ஒரு பூனைக்கா இந்த அழுகை?" என்று ராசாமணி வந்து அதை ஒரே கையால் தூக்கி ஓரமாக வைத்தாள். ராசாமணிக்கு அது பஞ்சுத் தலையணை மாதிரி இருந்தது. அவள் புருஷன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான்.

ஒரு வாரத்தில் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. தூக்குகிறவர் யாருக்காக ஏங்குகிறாரோ, அந்த ஏக்கம் எவ்வளவோ, அவ்வளவு கனம் கனக்கும் நாமக்கரடி. பவுனுத்தாய் தலையில் அன்று கூடுதலாக இருந்தது, நாலு வருஷத்துக்கு முன்னால் ரப்பர் வெட்டக் கேரளாவுக்குப் போய், போனவன் போனவனாகவே இருந்துவிட்ட அவள் புருஷன். இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் மேல் டிவிஷன் நினைத்தது. அந்த மலையில் ஆடி மாதம் மூடுபனி இறங்கினால் அடுத்த வரிசையில் நிற்கிறவளின் தலை மட்டும் காணாமல் போகும், யானை வந்து ரேஷன் கடைக் கதவை உடைத்துப் பருப்பை விட்டுவிட்டு அரிசியை மட்டும் தின்றுவிட்டுப் போகும். ஒரு சின்னக் கரடி கனப்பதா பெரிசு?

நாமக்கரடி தினமும் மத்தியான எடைக்குச் சரியாக வந்தது. கொட்டகை ஓரத்து ஈர மண்ணை மூக்கால் கிண்டி மண்புழு தின்றது, கனிந்த வாழைப்பழம் கொடுத்தால் தோலை விட்டுவிட்டுத் தின்றது, யார் தூக்கினாலும் ஆட்சேபிக்கவில்லை. எடை போட்டு முடித்தவர்கள் வரிசையாக நின்றார்கள். தானாகவே சில கட்டுப்பாடுகள் வந்தன. ஒருத்தர் தூக்கும்போது மற்றவர்கள் வேறு பக்கம் பார்க்க வேண்டும். கனம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டால் யாருக்காக என்று கேட்கக் கூடாது, ஒரு டம்ளர் தேத்தண்ணீர் கொடுத்தால் போதும். பெண்டாட்டி பிரசவத்துக்குப் போய் மூன்று மாதமாகியும் நாமக்கரடியை விரல் நுனியில் தூக்கிக் காட்டிய சண்முகராசுவின் சங்கதி, எப்படியோ பெண்டாட்டி காதுக்குப் போய், அவள் பிள்ளையோடு திரும்பி வந்தபின் ஒரு மாதத்துக்கு அவனுக்கு ரசம்கூடக் கிடைக்கவில்லை. எஸ்டேட் மேனேஜர் துரை ஜீப்பில் வந்து, "என்ன வேடிக்கை இது?" என்று ஆங்கிலத்தில் அதட்டி, அதைத் தூக்கி, அரைக்கால் சட்டையோடு சேற்றில் உட்கார்ந்து, என்னைக் கொஞ்ச நேரம் தனியாக விடுங்கள் என்று தமிழில் சொன்னார்.

எல்லாரையும்விட அதிகமாகக் கனத்தது எஸ்டேட் குடியிருப்பின் கீழ் லைனில் இருந்த வடக்கத்திப் பையன்களுக்குத்தான். ஜார்க்கண்டிலிருந்து வந்த சுக்ராம் அதைத் தூக்கிய அன்று கணுக்கால்வரை மண்ணுக்குள் இறங்கிவிட்டான், நாலு பேர் சேர்ந்து பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. மூன்று வருஷமாக ஒரே காட்டில் வேலை செய்தும் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசாத பெண்கள், மறுநாள் தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். காரம் தாங்காமல் அவர்கள் அழுதார்கள், பசங்க வீட்டு நினைப்பில் அழுகிறார்கள் என்று நினைத்து இவர்கள் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள்.

மேல் டிவிஷனில் நாமக்கரடியைத் தொடாமல் இருந்த ஒரே ஆள் சீனியம்மா.

ஐம்பத்தாறு வயது, கட்டைக்குட்டையான உடம்பு, வெடுக்கென்ற வாய். வரிசையில் நிற்கிறவர்களைத் தாண்டிக்கொண்டு போவாள், தன் பையை எடை போடுவாள், "ஒரு கீரிப்பிள்ளைய ஆளாளுக்கு மடியில வச்சுக் கொஞ்சிட்டு இருக்கீங்களே, வெக்கமா இல்ல?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். "எனக்குன்னு யாரும் இல்ல, எனக்கு ஒரு ஏக்கமும் இல்ல. இந்தக் கை காலியான கை" என்பது அவள் பேச்சு. ஏழு வருஷமாக அதே பேச்சு.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். மகளின் பேரைச் சீனியம்மா சொல்வதில்லை என்பதால் நானும் இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை. புருஷன் காய்ச்சலில் போனபோது பிள்ளைக்கு நாலு வயது. ஒற்றை ஆளாகக் கொழுந்து பறித்து வளர்த்து, கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்க வைத்தாள். எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு, வீட்டில் ஒருத்தராவது வேலைக்குப் பேர் பதிந்திருந்தால்தான் லைன் வீடு, இல்லாவிட்டால் ஓய்வு பெற்ற மறுமாதம் சட்டி பானையோடு மலை இறங்க வேண்டியதுதான். தனக்குப் பிறகு மகள் பேர் பதிந்துகொள்வாள் என்று சீனியம்மா துரையிடம் சொல்லிவைத்திருந்தாள். பதிகிற அன்று, எல்லாரும் கூடியிருந்த ஆபீஸ் வாசலில் மகள், "நான் நர்ஸிங் படிச்சது கூடையைச் சுமக்கவா? நீ என்கூடக் கீழ வா, அம்மா" என்றாள். "இந்த மலை மண்ணுல உங்கப்பன் கட்டை வெந்திருக்குடி" என்றாள் தாய். வார்த்தை தடித்தது. மகள் பெட்டியை எடுத்துக்கொண்டு நாலரை மணி பஸ்ஸுக்குப் போனாள். சீனியம்மா பஸ் ஸ்டாப்வரை பின்னாலேயே போய், ஊரே கேட்கும்படி, "உன் பேரை இனி இந்த வாய் சொன்னா, இந்த நாக்கு அழுகிப் போகட்டும்!" என்றாள். அப்புறம் வந்த கடிதத்தைப் பிரிக்கவில்லை. தீபாவளிக்கு வந்த சேலையை அதே பஸ் கண்டக்டரிடம் திருப்பிக் கொடுத்தனுப்பினாள்.

காலியான கையாம்! உலை வைக்கும்போது ரெண்டு ஆழாக்கு அரிசி அளந்துவிட்டு அப்புறம் ஒரு ஆழாக்கைத் திரும்ப அரிசிப் பானையில் போடும் கை அது. நாலரை மணி பஸ் வருகிற நேரத்துக்கு அவளுக்கு எப்போதும் ரோட்டோரத்தில் விறகு பொறுக்குகிற வேலை வந்துவிடும். கோயம்புத்தூரில் மழை என்று ரேடியோவில் சொன்னால், இங்கே பளீரென்று வெயில் அடிக்கும்போதே கொடியில் காய்கிற துணியை அவசரமாக எடுத்து உள்ளே போடுவாள். ஏங்கினாள், ஐயா, ஏழு வருஷமும் ஏங்கினாள், ஒரு நாள் பாக்கியில்லாமல் ஏங்கினாள். சொன்ன சொல்லை எப்படித் திருப்பி வாங்குவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. நாமக்கரடியை அவள் தொடாததற்குக் காரணம் பயம்தான்.

இப்படியிருக்கையில் காட்டிலாகாக் காவலர் ஒருவர் செல்போனில் எடுத்த படம் எங்கெங்கோ போய், ஆவணி மாதம் சென்னையிலிருந்து அமுதவல்லி என்ற ஆராய்ச்சிக்காரி வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும், காலில் அட்டைக்கடிக்குப் போட்ட சாக்குத்துணி உறை, முதுகில் மூட்டை. டாக்டர் என்று சொன்னார்கள், ஆகவே முதல் நாள் மூட்டுவலிக்காரர்கள் பதினேழு பேர் அவள் முன்னால் வரிசையில் நின்றார்கள். அவள் சலித்துக்கொள்ளவில்லை, வைத்திருந்த தைலத்தை எல்லாருக்கும் தடவிவிட்டாள், அதனால் எல்லாருக்கும் பிடித்துப்போனது.

"இது உலகத்துல யாருமே இதுவரைக்கும் எழுதாத உயிர்" என்றாள் அமுதவல்லி. மூக்கு நீளம், வால் நீளம், நகம், பல், பட்டையின் அகலம் எல்லாவற்றையும் அளந்து எழுதினாள். எடை மட்டும் எழுத முடியவில்லை. தராசில் தானாக ஏறி நிற்காது நாமக்கரடி, யாராவது தூக்கி வைக்க வேண்டும், வைத்தால் வைத்தவரின் கனத்தைத்தான் முள் காட்டும். இருபத்துமூன்று பேர் வைத்தார்கள், இருபத்துமூன்று எடை. ராசாமணிக்குப் பஞ்சாக இருந்ததே என்று அவளைத் தேடினால், அவள் மகனை அந்த ஆனிக் கடைசியில்தான் ஹாஸ்டலில் சேர்த்திருந்தார்கள், இப்போது பதினொன்று காட்டியது. சண்முகராசுவை வைக்கச் சொன்னார்கள். பெண்டாட்டியும் பிள்ளையும் திரும்பி வந்துவிட்டாலும், ரசத்துக்காக ஏங்கியோ என்னவோ, அவனுக்கு ஆறரை காட்டியது. அமுதவல்லியும் ஒரு தரம் வைத்தாள். முள்ளைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தாள்.

பத்தாம் நாள் அவளுக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. எடை இல்லாமல் எந்த உயிருக்கும் பேர் வைக்க முடியாதாம். அங்கே எடுக்க முடியாவிட்டால் கூண்டு அனுப்புகிறோம், பிடித்து இங்கே கொண்டுவாருங்கள், நம் ஆய்வுக்கூடத்தில் வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்களாம். "அங்க போனா திரும்பி வராது" என்று அமுதவல்லி எடைக்கொட்டகையில் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னாள். "மனசுல யாருக்காகவும் ஏக்கம் இல்லாத ஒரே ஒருத்தர் தூக்கி வச்சாப் போதும். அதோட சொந்த எடை தெரிஞ்சிடும். அப்படி யாராவது இருக்காங்களா?"

அத்தனை தலையும் ஒன்றுபோலத் திரும்பிச் சீனியம்மாவைப் பார்த்தன.

"எக்கா, நீதான் காப்பாத்தணும்" என்றாள் பவுனுத்தாய். "உனக்குத்தான் யாரும் இல்லையே."

சீனியம்மா காலடியில் கிடந்த கொழுந்துப் பையை எடுத்து மடித்தாள். மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் வேண்டும், அந்தப் பதிலை அவள் ஏழு வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். "இதுக்குப் போயா இத்தனை கெஞ்சல்?" என்றாள். "திங்கக்கிழமை வாறேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் வீட்டைச் சுத்தம் பண்ணினாள். டிரங்குப் பெட்டியிலிருந்து மகளின் சிவப்பு ரிப்பன், பல் உடைந்த சீப்பு, ஐந்தாம் வகுப்பு ஓட்டப்பந்தயத்தில் கிடைத்த சோப்புப்பெட்டி, டிஸ்பென்சரியில் கொடுத்த பிறப்பு அட்டை, எல்லாவற்றையும் எடுத்து அடுப்பில் போடப் போனாள், போட முடியவில்லை. ஒரு துணிப்பையில் கட்டி, மத்தியானம் பவுனுத்தாய் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். நாளை ஒரு நாளைக்கு இது தன் வீட்டில் இல்லாமல் இருந்தால் போதும், கை நிஜமாகவே காலியாகிவிடும் என்பது அவள் யோசனை.

"இதை வச்சிரு பவுனு. நாளைக்குச் சாயங்காலம் வாங்கிக்கிறேன். தொறந்து பாத்திடாத."

"என்னக்கா இருக்கு?"

"பழைய துணி."

பவுனுத்தாய் பையை வாங்கினாள். பழைய துணி இத்தனை கனக்குமா என்று அவள் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்பதுதான் அந்த மலையில் இப்போது கட்டுப்பாடு.

இங்கே ஒரு பழைய சண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் இனி நடந்தது விளங்காது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், இதே எடைக்கொட்டகையில், அடைமழையில், கொழுந்துப் பையை இறக்கி வைத்த கையோடு சீனியம்மாவுக்கு வலி கண்டது. டிஸ்பென்சரியிலிருந்து மருத்துவச்சி குடை பிடித்து ஓடி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பிறப்பு அட்டைக்கு எடை வேண்டும் என்றாள் மருத்துவச்சி. கையில் இருந்தது கொழுந்து நிறுக்கிற தராசுதான். சீனியம்மாவின் முந்தானையைக் கிழித்துத் தூளி கட்டி, பிள்ளையை அதில் போட்டு, சீனியம்மாவே கொக்கியில் மாட்டினாள். அப்போது வாலிபனாக இருந்த ஐயாக்கண்ணு முள்ளைப் பார்த்தார். மழை நாளில் கொழுந்து நனைந்திருக்கும், ஆகவே ஒவ்வொரு பைக்கும் ஈரத்துக்கென்று ஒரு கிலோ கழிப்பது எஸ்டேட் வழக்கம். காலையிலிருந்து இருநூறு பை நிறுத்த வாய், யோசிக்காமல், "மூணு தொள்ளாயிரம், ஈரத்துக்கு ஒண்ணு கழிச்சு ரெண்டு தொள்ளாயிரம்" என்றது. மருத்துவச்சியும் அப்படியே எழுதிவிட்டாள்.

அன்று தொடங்கியது. பிள்ளைக்குச் சளி பிடித்தால், "ஒரு கிலோ குறைச்சு எழுதினா உடம்புல என்ன இருக்கும்?" என்று கொட்டகைக்கே வந்து சண்டை போடுவாள் சீனியம்மா. "துணி நனைஞ்சிருந்துச்சு தாயி" என்பார் அவர். "அது துணி இல்ல, என் முந்தானை. ஒரு கிலோவா கனக்கும் முந்தானை?" என்பாள் அவள். ஏழு வருஷமாகத்தான் அந்தச் சண்டை நின்றுபோயிருந்தது. சண்டை நின்றதில் ஐயாக்கண்ணுக்குச் சந்தோஷமில்லை.

திங்கட்கிழமை பொசுபொசுவென்று தூறிக்கொண்டிருந்தது. மேல் டிவிஷன், கீழ் லைன், பேக்டரி ஆட்கள், ஜீப்பில் சாய்ந்தபடி துரை, எல்லாரும் கொட்டகையைச் சுற்றி நின்றார்கள். கட்டுப்பாட்டின்படி வேறு பக்கம் பார்க்க வேண்டியவர்கள் அன்று பார்க்காமல் இருக்க முடியாதவர்களாகச் சீனியம்மாவையே பார்த்தார்கள். நாமக்கரடி மண் கிண்டுவதை நிறுத்திவிட்டு அவள் காலடியில் வந்து உட்கார்ந்தது. அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். குனிந்தாள். தூக்கினாள்.

கனக்கவில்லை. அதுதான் அவளைக் கலங்கடித்தது. சுக்ராமைப் போல மண்ணில் இறங்கிவிடுவோம், ஐயாக்கண்ணுவைப் போல உட்கார்ந்துவிடுவோம் என்று அவளே பயந்திருந்தாள், அப்படி எதுவும் இல்லை. சரியாக ஒரு இடது கைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. முழங்கை மடிப்பில் தலை, உள்ளங்கையில் முதுகு, அந்தக் கைக்குத் தெரிந்த கனம், ஒரு தரம் ஏந்தியபின் எந்தக் கைக்கும் மறக்காத கனம். நாமக்கரடி மூக்கை அவள் கழுத்துக் குழியில் வைத்து மூச்சு விட்டது. சீனியம்மா முகத்தை இறுக்கிக்கொண்டு, அமுதவல்லி கொடுத்த துணித்தூளியில் அதைப் போட்டு, கொக்கியில் மாட்டிவிட்டு, ரெண்டடி தள்ளிப் போய் நின்றாள்.

பெண்கள் முள்ளைப் பார்த்தார்கள். முள் கொஞ்சமாகத்தான் நகர்ந்தது. "அப்பாடா" என்று யாரோ சொன்னார்கள். இத்தனை பேர் தூக்கியதில் இத்தனை குறைவாக யாருக்கும் காட்டியதில்லை, சரியான ஆளைத்தான் பிடித்தோம், கல்நெஞ்சுக்காரி என்று சொன்னது சரியாகப் போயிற்று என்று ஆளுக்காள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அமுதவல்லி நோட்டை விரித்தாள். ஐயாக்கண்ணு கண்ணைச் சுருக்கிக்கொண்டு முள்ளுக்குப் பக்கத்தில் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது, காலையிலிருந்து நூற்றுப் பத்துப் பை நிறுத்திருந்தார், வாய் தன் பாட்டுக்கு வேலை பார்த்தது.

"மூணு தொள்ளாயிரம். ஈரத்துக்கு ஒண்ணு கழிச்சு, ரெண்டு தொள்ளாயிரம்."

அமுதவல்லி எழுதத் தொடங்கினாள்.

"கழிக்காதீங்க!"

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. சீனியம்மா பாய்ந்து வந்து ஐயாக்கண்ணுவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கழிக்காதீங்கண்ணே! அன்னைக்கும் கழிச்சீங்க, இன்னைக்கும் கழிக்கிறீங்களே! முழுசா மூணு தொள்ளாயிரம், என் பிள்ள! என் சுகந்தில ஒரு கிராம் கழிக்க நீங்க யாரு? ஐயோ, என் சுகந்தி! என் சுகந்தி!"

பேரைச் சொல்லிவிட்டாள். சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், நாக்கு அழுகிவிட்டதா என்று பார்க்கிறவள் மாதிரி. நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழு வருஷம் அடைபட்டிருந்த அழுகைதான் வந்தது, அவள் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள், ஐயாக்கண்ணு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "கழிக்கல தாயி, கழிக்கல" என்று சொல்லிக்கொண்டே அழுதார்.

"அவ எங்க இருக்காளோ, எப்படி இருக்காளோ" என்றாள் சீனியம்மா. "ஒரு போன் நம்பர்கூட என்கிட்ட இல்லையே."

பவுனுத்தாய் இடுப்பிலிருந்து மெதுவாகப் போனை எடுத்தாள். ராசாமணி எடுத்தாள். ஸ்டெல்லா மேரி, சண்முகராசுவின் பெண்டாட்டி, ஐயாக்கண்ணு, கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் எடுத்தார்கள். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியில் விரல் வெட்டுப்பட்டு, கோயம்புத்தூரில் அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த சுக்ராம்கூட எடுத்து, "சுகந்தி தீதி" என்று தன் மொழியில் அக்கா முறை சொல்லிக் காட்டினான்.

"அடிப்பாவிங்களா!" என்றாள் சீனியம்மா. "ஏழு வருஷமாவா?"

"நீ கேக்கவே இல்லையேக்கா" என்றாள் பவுனுத்தாய். "அவ வாராவாரம் கேப்பா. அம்மா சாப்பிடுதா, அம்மாவுக்கு முழங்கால் எப்படி இருக்கு, நாலரை பஸ்ஸுக்கு இன்னும் விறகு பொறுக்க வருதான்னு." சொல்லிக்கொண்டே நம்பரை அழுத்தி, போனைச் சீனியம்மாவின் காதில் வைத்தாள்.

அங்கே மணி அடித்தது. பச்சைப்பிள்ளைகள் அழுகிற சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல், "பவுனு சித்தி, டியூட்டில இருக்கேன், வார்டுல பிள்ளைங்களுக்கு எடை பாத்துட்டு இருக்கேன், அப்புறமாப் பேசட்டா?" என்றது.

மன்னிப்பு என்ற வார்த்தை சீனியம்மாவின் அகராதியிலேயே கிடையாது. போனைத் தானே வாங்கி, "சாப்பிட்டியா?" என்றாள்.

அங்கே எதையோ கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா?"

"மூணு தொள்ளாயிரம்டி" என்றாள் சீனியம்மா. "முள்ளு காட்டிச்சு. ஊரே பாத்துச்சு. துரைகூடப் பாத்தாரு."

"மூணு தொள்ளாயிரமா?" அழுகையும் சிரிப்புமாக வந்தது குரல். "இங்க தினம் இருபது பிள்ளைய எடை போடுறேன்மா, அவ்வளவு பெரிய பிள்ளைய நான் பாத்ததே இல்ல."

"நீ எங்கடி உன்னப் பாத்த? நான் பாத்தேன்." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "மாடியில துணி போட்டிருந்தா எடுத்து வை. இன்னைக்கு அங்க மழைன்னு ரேடியோவுல சொன்னான். எப்ப லீவு? நாலரை பஸ்ஸுல வர்றியா, இல்ல நான் கீழ இறங்கி வரட்டா? எந்த ஸ்டாப்ல இறங்கணும்?"

அமுதவல்லிதான் முதலில் பார்த்தாள். தூளியில் நாமக்கரடி தூங்கிவிட்டிருந்தது, யாரும் அதைத் தொடவில்லை, ஆனாலும் முள் இறங்கிக்கொண்டிருந்தது. சீனியம்மா எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது மூன்றைத் தாண்டி இறங்கியது. சுடிதார் போடுகிறாயா சேலை கட்டுகிறாயா, அந்தத் தீபாவளிச் சேலையை யாருக்காவது கொடுத்துவிட்டாயா, வைத்திருக்கிறாயா என்று கேட்கும்போது ரெண்டைத் தாண்டியது. வச்சிருக்கேன்மா என்று அங்கிருந்து பதில் வந்திருக்க வேண்டும், முள் ஒன்று நானூறுக்கு வந்து, கொஞ்சம் ஆடி, அங்கேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே போகவில்லை.

"ஐயா" என்றாள் அமுதவல்லி தணிந்த குரலில். "இது முழுக்க இதோட எடைதானா? அவங்களோடது இன்னும் கொஞ்சம் இதுல இருக்குமா?"

ஐயாக்கண்ணு திரும்பிச் சீனியம்மாவைப் பார்த்தார். கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, போனை ரெண்டு கையாலும் காதோடு அழுத்தி, கோயம்புத்தூர் இருக்கிற திக்கைப் பார்த்து அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"இருக்கும்மா" என்றார். "மகள் இன்னும் நேர்ல வரலையே."

"அப்ப எவ்வளவு கழிச்சு எழுதட்டும்?"

"கழிக்காதீங்கம்மா" என்றார் எடைக்கார ஐயாக்கண்ணு. "அப்படியே எழுதுங்க."